ஐம்பதாம் நம்பர் ஒயிலும் உம்மாவின் சட்டியும்

மக்காவில் சோறாக்கவென்று என் உம்மா வாங்கிய புதுச் சட்டியில், அப்புத்தளையில் ஒரு விடிகாலையில், கார் இஞ்சினின் ஒயில் சூடாகிக்கொண்டிருந்தது. அதை அகப்பைக் காம்பால் கிண்டிக்கொண்டு நின்றவரும் என் உம்மாதான். நான் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அன்று மாலைக்குள் உம்மா கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வருடம் ஹஜ் இல்லை. அடுத்த வருடம் அவருக்கு உடம்பும் வசதியும் இருக்குமா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். காரோ வெளியே முற்றத்தில் செத்துக் கிடந்தது.

இவ்வளவுக்கும் காரணம் என் வீட்டுக்காரர் உம்மாமேல் வைத்திருந்த மரியாதை. கேட்க விசர்க் கதை மாதிரித்தான் இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

இவர் கல்முனைக் கடைத்தெருவில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டியவர். கார், எனக்கு மூத்த ஒரு பழைய இங்கிலாந்துக் கார். அதற்கு ஒயில் ஊற்றுவதில் இவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. மாரி மழைக்கு முப்பதாம் நம்பர். மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கினால் நாற்பது. கச்சான் காற்று அடித்து, தார் றோட்டு இளகி, காரின் மூடியில் கை வைக்க முடியாத காலம் வந்தால் ஐம்பது. வெயில் கூடக் கூட ஒயில் தடிக்க வேண்டும், அவ்வளவுதான். மெல்லிசான ஒயில் அந்த வெக்கையில் தண்ணீராகிவிடும், இஞ்சினுக்குள் நிற்காது, சிவப்பு லைட் பத்தும் என்பார். ஒயிலைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு அந்த விரலை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைப்பார். சாரத்தைத் தோய்த்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்தில்தான் எல்லாக் காலத்துக்கும் ஒரே ஒயில் என்று புதுச் சாமான் ஒன்று டின்னில் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தது. இவருக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. “மழைக்கும் நான்தான், வெயிலுக்கும் நான்தான் எண்டு சொல்ற ஒயில எப்பிடி நம்புற? ஒரு நம்பரெண்டா ஒரு நம்பர்” என்பார். எங்கள் ஊர்ப் பக்கம் அவர் சொன்னது பிழையுமில்லை. கச்சானில் மற்றவர்களின் கார்கள் புகைத்துக்கொண்டு வேப்பமர நிழல்களில் நிற்கும்போது, இவருடைய கார் ஒலுவிலுக்கும் பாலமுனைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வருகிற மருமகனுக்கு மாமி ராஜ உபசாரம் செய்வார், ஆனால் அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். அது வழக்கம். மற்ற வீடுகளில் இந்த வழக்கம் பிள்ளைகள் பிறந்ததும் மெல்லத் தேய்ந்துபோகும். என் உம்மா தேய விடவில்லை. என் மூத்த மகள் பள்ளிக்கூடம் போகும் வயதாகியும், இவரின் செருப்புச் சத்தம் கேட்டால் உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் தந்திக் கம்பி மாதிரி நான். நான் வீட்டில் இல்லாத நேரங்களில் உம்மா பூனையிடம் சொல்வார்: “சோறு மேசையில மூடி வச்சிரிக்கி எண்டு யாராச்சும் சொன்னா நல்லம்.” இவரும் பூனையைப் பார்த்து, “பசி இல்ல, பொறகு தின்னுவாராம் எண்டு சொல்லு” என்பார். அந்தப் பூனைக்கு எங்கள் வீட்டு விஷயங்கள் என்னைவிடக் கூடத் தெரியும்.

உம்மாவுக்கு ஹஜ் அமைந்தது நல்ல கச்சான் காலத்தில். கூடப் போனது உம்மாவின் தம்பி, என் மாமா. சவூதியில் வேலை பார்த்து வந்தவர். மக்காவில் தாங்களே சமைத்துச் சாப்பிடுவதென்று, அரிசி, கருவாடு, இடித்த தூள், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் அடுப்பு என்று ஒரு குசினியையே மூட்டை கட்டினார்கள். சட்டி மட்டும் புதிதாக வாங்கினார் உம்மா, அடி தடித்த அலுமினியச் சட்டி. அந்தப் புனித மண்ணில் சமைக்கப்போகிற சட்டி என்று எங்களை ஒரு முட்டைகூட அதில் அவிக்க விடவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் எல்லாரிடமும் பொருத்தம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். என்னில் ஏதும் குறை இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். உம்மா வீடு வீடாகப் போனார். எல்லைத் தென்னைமரத்துக்காக வருஷக் கணக்காய்ச் சண்டை பிடித்த அடுத்த வீட்டுக்காரியிடமும் போய்க் கேட்டார், இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். கடைசியாகக் குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு, “மகள், ஒங்கட வாப்பாட மருமகனுக்கிட்டயும் சொல்லு. என்னில ஏதும் இருந்தா பொருந்திக்கச் சொல்லு” என்றார். வாப்பா மவுத்தாகி, அடக்கம் செய்து எவ்வளவோ காலம். ஆனாலும் உம்மாவுக்கு இவர் ‘வாப்பாட மருமகன்’தான். நான் போய்ச் சொன்னேன். இவர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். “ஒண்டுமில்ல எண்டு சொல்லு” என்றார். அதையும் கொண்டுபோய்ச் சொன்னேன். அத்தோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

உம்மாவை விமான நிலையம்வரை தன் காரில்தான் கொண்டுபோவேன் என்று இவர் பிடிவாதமாக நின்றார். அதற்காகக் காரைக் கழுவி, டயர் மாற்றி, பழைய ஒயிலை இறக்கிவிட்டுப் புது ஐம்பது ஊற்றினார். மாமா வந்து பார்த்துவிட்டு, “மருமகன், சவூதியில இப்ப எல்லாரும் அந்தப் புது டின் ஒயில்தான்” என்று ஒரு சொல் சொன்னார்.

“மாமா, பாரம் இரிக்கி, ஏத்தம் இரிக்கி, இந்த வெயிலும் இரிக்கி. மாமி போற பயணம். நாப்பதுகூட நான் நம்பமாட்டன்” என்றார் இவர்.

மாமா சரியென்று விட்டுவிட்டார். மொனராகலைப் பாதையால் போய், அப்புத்தளையில் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர் வீட்டில் தங்கி, விடியக் கொழும்புக்கு இறங்குவது திட்டம். அப்புத்தளை குளிர் ஊர் என்று பள்ளிக்கூடத்தில் நானே மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். ஆனால் குளிர் என்றால் எங்களுக்கு மார்கழி மழைதான். இரண்டாவது சாரத்தை எடுத்துப் போர்த்தினால் போய்விடும். அந்தக் குளிர் இரும்புக்குள்ளும் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கடற்கரையில் பிறந்த புத்தி, வேறென்ன.

அது யுத்த காலம், பயணத்தில் சோதனைச் சாவடிக்குச் சாவடி எல்லாச் சாமானையும் இறக்கி ஏற்றினோம். ஒரு சிப்பாய் உம்மாவின் சட்டியைச் சுற்றிய துணியை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். உம்மா அதை மறுபடி மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். வெல்லவாயவில் வெயில் கொளுத்தியது. பிறகு ஏற்றம் தொடங்கியது. மற்ற வாகனங்கள் வழியில் மூடியைத் திறந்துகொண்டு ஆவி விட்டு நிற்க, எங்கள் கார் முனகாமல் ஏறியது. இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “மாமிட்டச் சொல்லு, இதுதான் ஐம்பது எண்டு” என்றார். பின் சீட்டில் என் தோளோடு இருந்த உம்மாவிடம் நான் சொன்னேன். “மாஷா அல்லாஹ் எண்டு சொல்லு” என்றார் உம்மா.

அப்புத்தளையில் இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. உம்மாவின் பல் கடகடவென்று அடித்தது. காரை றோட்டைவிடப் பள்ளமான முற்றத்தில் இறக்கி விட்டுவிட்டு, கடைக்காரர் தந்த கம்பளிக்குள் புகுந்தோம்.

காலையில் சுபஹ் தொழுதுவிட்டு உம்மா தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலைக் கவிழ்த்தார். ஒன்றும் வரவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் தேங்காய் எண்ணெய் முழுக்க வெள்ளை வெளேரென்று கட்டியாகிக் கிடந்தது. உம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து தேங்காய் எண்ணெயோடு புழங்குகிறவர், அது உறைந்து ஒரு நாளும் கண்டதில்லை. “யா அல்லாஹ், எனக்குக் கொழுப்ப வித்துப்போட்டானே” என்று எண்ணெய்க்காரனைத் திட்டத் தொடங்கினார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, ஹஜ்ஜுக்குப் போகிற வாய் என்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்தார். கடைக்காரரின் மனைவி சிரித்துவிட்டு, இங்கே இப்படித்தான் என்று போத்தலை அடுப்போரம் வைத்தார்.

வெளியே இவர் காரை ஸ்டார்ட் செய்தார். சாவியைத் திருப்ப, ஒரு முக்கல். இன்னொரு முக்கல். பிறகு சத்தமே இல்லை. காரின் முன்னால் இரும்புக் கைப்பிடியைப் போட்டு இஞ்சினைச் சுற்றப் பார்த்தார். இவரும் மாமாவும் சேர்ந்து தொங்கியும் அது அசையவில்லை. கடைக்காரரும் வந்து மூன்று பேருமாகத் தள்ளினார்கள். கியரைப் போட்டதும் ஈரப் புல்லில் சக்கரம் உருளாமல் வழுக்கியது. றோட்டுக்கு ஏற்றினால் பள்ளத்தில் உருட்டிவிடலாம், ஆனால் அந்த மேட்டில் அவ்வளவு பாரத்தை எப்படி ஏற்றுவது? ஊரில் இருந்த ஒரே வேன் முதல் நாளே பதுளைக்குப் போய்விட்டதாம். கொழும்பு பஸ் கதவில் ஆள் தொங்கக் கடந்து போனதை நானே கண்ணால் கண்டேன்.

இவர் ஒயில் அளக்கும் கம்பியை இழுத்தார். நுனியில் ஒயில் சொட்டவில்லை, சீனிப் பாணிபோல ஒட்டிக்கொண்டு நின்றது. வழமைபோல விரலில் தேய்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். தான் பெற்ற பிள்ளை தன்னைக் கை நீட்டி அடித்ததைப் போல ஒரு முகம்.

“ஐம்பது” என்றார்.

எனக்கு உச்சிக்கு ஏறியது. “வெயிலுக்கு, வெயிலுக்கு எண்டு ஊத்தினீங்களே, இஞ்ச எங்க வெயில்? உம்மாட ஹஜ்ஜ இந்த முத்தத்துல புதைச்சுப்போட்டீங்களே” என்று கத்தினேன். அவர் கம்பியைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார்.

அப்போது குசினிக்குள்ளிருந்து உம்மா என்னைக் கூப்பிட்டார். கையில் எண்ணெய்ப் போத்தல், உருகிக் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. “மகள், அந்தக் காருக்குள்ள இரிக்கிற எண்ணெயும் இப்பிடித்தானே கிடக்கு. எடுத்துச் சூடாக்கினா என்ன எண்டு கேளு.”

கேட்டேன். இவர் நிமிர்ந்து பார்த்தார். “சூடாக்கலாம். பெரிய சட்டி ஒண்டு வேணும் எண்டு சொல்லு.”

கடைக்காரர் வீட்டில் ஒரு கேத்தலும் சின்னச் சின்னப் பாத்திரங்களும்தான். நான் அதைச் சொல்ல வாயெடுக்கும் முன் உம்மா குனிந்து வெள்ளைத் துணியின் முடிச்சை அவிழ்த்தார்.

“உம்மா, அதுவா? அது மக்காவுக்கெல்லோ” என்றேன்.

“நான் போனாத்தானே சட்டி போற” என்றார் உம்மா. சட்டியை என் கையில் தந்தார். முட்டை அவிக்க விடாத சட்டி.

இவர் ஈரத் தரையில் படுத்து, அடியில் இருந்த நட்டைக் கழற்றி, சட்டியைப் பிடித்தார். ஒயில் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நூல் நூலாய் இறங்கியது. அது நிரம்பும்வரை நான் முற்றத்தில் நின்று எனக்குத் தெரிந்த எல்லா ஓதலையும் ஓதினேன். பிறகு அடுப்பு. உம்மா கிண்டத் தொடங்கினார். இவர் குசினிக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம். நடுவாசலில் நான்.

“எவ்வளவு சூடு வேணும் எண்டு கேளு.”

“பொரிக்கிற சூடு வேணாம், புகை வந்தா இறக்கிரணும் எண்டு சொல்லு.”

“புகை வரல்ல, ஆனா தண்ணி மாதிரி வருது எண்டு சொல்லு.”

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ரெண்டு பேரும் ஒரே சட்டிக்குத்தான் கதைக்கிறீங்க. புள்ளய இடையில நிறுத்திக்கிட்டு என்னத்துக்கு இந்தக் கூத்து? நேரம் போகுது” என்று சினந்தார். ஒருவரும் அவரைக் கணக்கெடுக்கவில்லை. ஊற்றுவதற்குப் புனல் வேண்டுமென்று சொல்லி, கடையில் மண்ணெண்ணெய் அளக்கும் புனலை எடுத்துவர இவர் என்னை அனுப்பினார்.

நான் புனலோடு திரும்பி முற்றத்து மூலைக்கு வரும்போது கண்டேன். உம்மா பழந்துணியால் பிடித்தபடி சட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றார். துணி மெல்லிசு. எதிரே இவர். இடையில் நானில்லை, பூனையும் இல்லை. உம்மா ஒரு தரம் என்னைத் தேடிச் சுற்றிப் பார்த்தார். பிறகு இவருடைய முகத்தை நேரே பார்த்தார்.

“மகன், புடிங்க. கை சுடுது.”

நான் புனலைக் கீழே போட்டுவிட்டேன். ஒரே கூரையின் கீழே இருந்து, ஒரே சட்டிச் சோற்றைத் தின்று, எவ்வளவு காலம். நோய், பிள்ளைப்பேறு, வாப்பாவின் மவுத்து, ஊரை விட்டு ஓடி ஒளிந்த நாட்கள். அவ்வளவுக்கும் வாய் திறக்காத உம்மா. இவருக்குக் காது சிவந்துவிட்டது. சட்டியை வாங்கிய வேகத்தில் கொஞ்சம் சட்டையில் சிந்தியது.

அடி நட்டை முடுக்கிவிட்டு, சூட்டோடு ஊற்றி, மூடியை அடைத்து, கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். முதல் சுற்றில் அது வழிவிட்டது. கொஞ்ச நேரத்தில் இருமி, புகை கக்கி, இஞ்சின் உயிர் பிடித்தது. மாமா சத்தமாகத் தக்பீர் சொன்னார். நான் முற்றத்தில் குந்திக்கொண்டு அழுதேன். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தோம். மணம் போகவில்லை. உம்மா சட்டியில்லாமல்தான் மக்காவுக்குப் போனார்.

பலாங்கொடை தாண்டி வெயில் வந்ததும் கார் பழைய குணத்துக்குத் திரும்பிப் பறந்தது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த ஒரு வார்த்தை கை சுட்டதால் வந்தது, சூடு ஆறியதும் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் அந்த நாட்களில் வழியனுப்புகிறவர்களைக் கம்பி வேலிக்கு அப்பால் விடமாட்டார்கள். ஹஜ் குழுவின் ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள். பொறுப்பானவர் எங்களைக் கண்டதும் கையைத் தலையில் வைத்தார், கடைசியாக வந்தது நாங்கள்தான். உம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். மாமா சாமானோடு முன்னே போய்விட்டார். உம்மா போகவில்லை. திரும்பி இவருக்கு முன்னால் வந்து நின்றார். முக்காட்டைச் சற்று மேலே தள்ளினார்.

“மகன். இவ்வளவு காலமும் ஒரே வூட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, ஒங்கட முகத்தப் பாத்து ஒரு வார்த்த கதைக்கல்ல. வாயால கேக்காம இவளுட்டச் சொல்லிவிட்டன். அதப் பொருந்திக்கங்க.”

இவர் வெலவெலத்துப் போனார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், என் பக்கம் திரும்பினார். “ஒண்டுமில்ல எண்டு சொல்லு” என்றார்.

“நான் இவளுட்டக் கேக்கல்ல மகன்” என்றார் உம்மா.

குழுக்காரர் கூப்பிட்டார். உம்மா நின்றார். மறுபடியும் கூப்பிட்டார். இவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். உம்மா இன்னும் கொஞ்சம் பார்த்தார், பிறகு முக்காட்டை இறக்கிக்கொண்டு வேலி வாசலால் உள்ளே போய்விட்டார்.

என்னால் நம்ப முடியவில்லை. “வாயில என்ன, கொழுக்கட்டையா? ஊரெல்லாம் பொருத்தம் வாங்கிட்டு, வூட்டு மருமகனுட்ட வாங்காம ஹஜ்ஜுக்குப் போறா எங்கட உம்மா. ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு” என்றேன். இவர் என்னைப் பார்க்கவேயில்லை. ஒயில் சிந்திய அதே சட்டையோடு, சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வேலிக்கு ஓடினார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார்.

“உம்மா! பொருந்திட்டன் உம்மா! நீங்களும் என்னப் பொருந்திக்கங்க!”

அங்கே நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. துப்பாக்கியோடு நின்ற காவல்காரனும் பார்த்தான். இவருடைய வாயிலிருந்து ‘உம்மா’ என்ற சொல் அதற்கு முன் வந்ததில்லை. நான் பின்னால் ஓடிப்போய் நின்றேன். கண்ணாடிக் கதவருகில் வெள்ளை முக்காடு ஒன்று நின்றது, திரும்பியது. உம்மா இவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவர் கண் என்னைத் தேடிப் பிடித்தது.

“மகள், கேட்டிச்சி எண்டு சொல்லு” என்று அங்கிருந்தே சொன்னார். உள்ளே போய்விட்டார்.

இவர் என் பக்கத்தில்தான் நின்றார். தோளில் தோள் முட்டியது. கண்ணைத் துடைத்த கையில் இன்னும் ஒயில் இருந்தது.

“கேட்டிச்சாம்” என்றேன்.